வெட்டாமல் தைத்திருக்கலாம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதம், 44,500 ரூபாய், ஆயாவின் (ஆத்தாவைப் பெற்ற பாட்டி) சிவப்புக் கண்டாங்கிச் சேலை ஒன்று, அப்புறம் நான் பிறப்பதற்கு முன்பே தைத்த ஒரு போர்வை. இவ்வளவும் போன பிறகுதான் பழஞ்சேலையில் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டேன். பணத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை, பென்ஷன் வருகிறது. மற்ற இரண்டையும் நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. வீட்டில் ஆத்தா (எங்கள் பக்கம் அம்மா) சேலை, அப்பத்தா சேலை என்று பெட்டியில் வைத்துக்கொண்டு, "இதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கத்தரிக்கோலை எடுக்கும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பழஞ்சேலைப் போர்வைக்குத் தனிப் பெயர் கிடையாது. தச்ச போர்வை என்போம். ஜமுக்காளம் வேறு, கம்பளி வேறு, தச்ச போர்வை வேறு. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ஆயா வீட்டுக்கு லீவுக்குப் போனால் பேரன் பேத்திகள் பத்துப் பன்னிரண்டு பேரும் பட்டாலையில் வரிசையாகப் படுப்போம். மார்கழியில் ஆத்தங்குடிக் கல் சில்லென்று முதுகில் ஏறும். கீழே விரிக்க ஒன்று, மேலே போர்த்த ஒன்று என்று ஆயா பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவார்கள். தூக்கம் வரும்வரை அந்தப் போர்வையில் யார் துணி எது என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. மஞ்சள் கட்டம் ஆயாவுடையது. வெள்ளையாக இருந்து பழுப்பானது ஐயாவின், அதாவது தாத்தாவின், வேட்டி. பச்சைக் கைலி ஐயா பர்மாவில் கட்டியது. 1942-ல் ரங்கூனை விட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த சொற்பச் சாமானில் அந்தக் கைலியும் ஒன்று என்று ஆத்தா சொல்லுவார்கள். கைலி கிழிந்து, போர்வைக்குள் போய், அங்கேயும் ஒரு முப்பது வருடம் உழைத்திருக்கிறது.

ஆத்தா தவறிப்போன மறு வருடம் அண்ணன், "பள்ளத்தூர் வீட்டில் நம் புள்ளிக்கு, அதாவது நம் குடும்பத்துக்கு, உரிய அறையைக் காலி செய்யணும், உனக்கு வேண்டியதை வந்து எடுத்துக்கொள்" என்றார். வெள்ளிச் சாமான், எனாமல் தூக்கு எல்லாம் பங்கு பிரிந்து போயிருந்தன. தகர டிரங்குப் பெட்டியை யாரும் சீண்டவில்லை. திறந்தால் பாச்சை உருண்டை வாடை. அடியில் இரண்டு தச்ச போர்வை, மேலே ஆயாவின் கண்டாங்கி நாலு, ஆத்தாவின் சேலைகள் பத்துப் பதினொன்று. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) காபி கொண்டுவந்தவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். அத்தனையையும் காரைக்குடிக்குக் கொண்டுவந்து, மறுநாளே செய்தேன் முதல் மடத்தனத்தை.

போர்வையில் பழைய வாடை. எனவே வாஷிங் மெஷினில் போட்டேன். மென்மையான துணிக்கென்று ஒரு சுற்று இருக்கிறதே, அதில்தான் போட்டேன், என்ன ஆகிவிடும் என்று. நாற்பது நிமிடம் கழித்து எடுத்தபோது கையில் வந்தது முறுக்கிய கந்தல். மேல்துணி ஓரளவு நின்றது. உள்ளே இருந்த மடிப்புகள் கயிறு மாதிரி திரண்டு, நூல்கள் அறுந்து, பச்சைக் கைலி மட்டும் தனியாக வெளியே தொங்கியது. அது சுழன்றதால் மட்டும் கிழியவில்லை. நாலைந்து அடுக்குப் பருத்தி தண்ணீர் குடித்தால் அதன் எடை பல மடங்கு கூடிவிடும். அந்த எடையை இற்றுப்போன நூல் தாங்காது. கையால் தூக்கினாலும் கிழியும்.

இரண்டாவது போர்வையை எப்படித் துவைத்தேன் என்று சொல்கிறேன், இது உங்களுக்கு உதவும். அகலமான தொட்டியில் முதலில் ஒரு பழைய கொசுவலையை விரித்து, அதன்மேல் போர்வையைப் பரப்பி, பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் விட்டு, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, உள்ளங்கையால் அமுக்கினால் போதும். தண்ணீரை இறக்கிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும், அழுக்கு வருவது நிற்கும்வரை. எனக்கு ஆறு தண்ணீர் ஆனது. தூக்கும்போது வலையோடு இரண்டு பேராகத் தூக்கி, துண்டு விரித்து ஈரத்தை ஒற்றி, கயிற்றுக் கட்டிலில் நிழலில் படுக்கப் போட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் அதன் எடையே அதைக் கிழித்துவிடும். தொட்டாலே உதிர்கிற நிலையில் இருந்தால் தண்ணீரே காட்டாமல் நிழலில் இரண்டு நாள் ஆறப் போட்டு மடித்து வைத்துவிடுங்கள்.

போனதற்குப் பதிலாக நானே ஒன்று தைத்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். அறுபத்தோரு வயதில், முப்பத்தைந்து வருடம் வங்கியில் ரூபாய் எண்ணிய கை. பள்ளிக்கூடத்தில் ஓட்டுத் தையல் படித்ததோடு சரி. இணையத்தில் குயில்ட் என்கிற மேல்நாட்டுத் தச்ச போர்வை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன், 6,500 ரூபாய். குறை சொல்ல மாட்டேன், சொல்லிக்கொடுத்த பெண் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அது புதுத் துணிக்கான வகுப்பு. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. சக்கரக் கத்தி, வெட்டும் விரிப்பு, கண்ணாடி மாதிரி ஸ்கேல் எல்லாம் சேர்த்து 5,200. பழகுவதற்கென்று பூப்போட்ட பருத்தித் துணி 8,700. ஆத்தாவின் கால் மெஷின் பள்ளத்தூரில் துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று ஒரு மின்சார மெஷின் 16,000. இதில் எனக்குப் பயன்பட்டது ஸ்கேல் மட்டும்தான், அதுவும் இப்போது பேத்தி கோடு போடுகிறாள்.

'லாக் கேபின்' என்று ஒரு அமெரிக்கப் பாணி உண்டு. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி மரக்கட்டை அடுக்கிய மாதிரி பட்டை பட்டையாகத் துணி. நடுச் சதுரம் சிவப்பாக இருந்தால் அது வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்று சொல்வார்கள். அதைக் கேட்டதும் எனக்கு மனசு துள்ளியது. சிவப்பு என்றால் ஆயாவின் கண்டாங்கிதானே! அடுப்படியிலேயே வாழ்ந்தவர்கள். இதைவிடப் பொருத்தம் வேறு என்ன என்று நானே மெச்சிக்கொண்டு, அரக்குக் கரை போட்ட அந்தச் சேலையை விரிப்பில் போட்டு, சக்கரக் கத்தியை உருட்டினேன். மூன்று அங்குலச் சதுரமாக நாற்பத்திரண்டு. முதல் வெட்டு விழுந்தபோது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. அந்த நடுக்கத்தின் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

கால் அங்குலம் விட்டு மெஷினில் தைக்கச் சொல்லியிருந்தார்கள். தைத்துப் பிரித்து இஸ்திரி போட்டதும் தையல் ஓரத்திலேயே துணி விட்டுக்கொண்டது, ஸ்டாம்ப் பக்கம் துளைபோட்ட இடத்தில் கிழிகிற மாதிரி. மெஷின் தையல் நெருக்கமாக, இறுக்கமாக விழுகிறது. புதுத் துணி அதைத் தாங்கும். எழுபது வருடத் துணியில் அது வரிசையாகத் துளை போட்டதற்குச் சமம். போதாக்குறைக்குக் கைத்தறித் துணி சின்னத் துண்டானதும் நாலு பக்கமும் பிரிய ஆரம்பித்துவிடுகிறது. சதுரம் சதுரமாகவே இருக்காது, இழுத்த பக்கம் சாயும். நாலு சதுரம் தைத்துப் பார்த்து நாலும் போனது. மீதி முப்பத்தெட்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

அப்போதும் நிறுத்தவில்லை பாருங்கள். ஆத்தாவின் சேலைகள் அவ்வளவு பழசில்லை, அவை தாங்கும் என்று அதை எடுத்தேன். தாங்கியது. ஆனால் ஒரு மெரூன் சேலை சாயம் விட்டு, பக்கத்தில் தைத்திருந்த ஐயாவின் வேட்டித் துணி முழுக்க ரோஸ் கலராகிவிட்டது. கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் இரண்டு கைப்பிடி போட்டுத்தான் ஊறவைத்தேன். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, ஏற்கெனவே ஏறிய சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. வினிகரும் அப்படித்தான். தைக்கும் முன்பே ஒவ்வொரு சேலையின் மூலையையும் நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தச் சேலையை வெளிர் நிறத்தோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். இரண்டு நிமிட வேலை இது.

நடுவில் வைக்கிற பஞ்சில் ஒரு தனிக் கூத்து. வகுப்பில் சொன்னபடி பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு வாங்கினேன், 2,900. தைத்துப் போர்த்திப் பார்த்தது பங்குனி மாதம். காரைக்குடியில் பங்குனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேர்வை குடிக்காது, காற்று விடாது, பிளாஸ்டிக் பைக்குள் படுத்த மாதிரி இருந்தது. சரி, நம் ஊர் முறையில் இலவம்பஞ்சு வைப்போம் என்று மெத்தை தைக்கும் கடையில் கொடுத்தேன், பஞ்சும் கூலியுமாக 1,800. இலவம்பஞ்சு தலையணைக்கு ராஜா, போர்வைக்கு ஆகாது. அதன் இழை வழவழப்பு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது, அதனால்தான் அதை நூலாக நூற்க முடிவதில்லை. ஒரே மாதத்தில் பஞ்சு முழுக்க நாலு மூலைக்கும் ஓடி, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சியது. யோசித்துப் பார்த்தால் ஆயா வீட்டுப் போர்வையில் பஞ்சே கிடையாது. சேலைமேல் சேலை, அவ்வளவுதான். நம் குளிருக்கு நாலு மடிப்புப் பருத்தி போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதைப் புரிந்துகொள்ள 4,700 ரூபாய் ஆனது.

இதற்கிடையில் வலது கட்டைவிரல் அடியில் வலி. தடித்த அடுக்கில் ஊசியைக் குத்தி இழுத்து இழுத்து வந்தது. அதை மதிக்காமல் இரண்டு வாரம் தைத்தேன், அப்புறம் கரண்டி பிடிக்க முடியவில்லை. வைத்தியத்துக்கு 3,400, நாலு மாதம் ஊசியைத் தொடவில்லை. வயதான பிறகு கைவேலை தொடங்குபவர்கள் அரை மணிக்கு மேல் ஒரே மூச்சாக உட்காராதீர்கள். நடுவிரலுக்கு அங்குஸ்தான் (தையல் விரலுறை) போடுங்கள், கட்டைவிரலால் தள்ளாமல் அதால் தள்ளுங்கள். அந்த நாலு மாதத்தில்தான் எனக்கு ரொம்ப மனம் விட்டுப்போனது. மகள் போனில், "அம்மா, கடையில நல்ல போர்வை கிடைக்குதே" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

கோட்டையூரில் அம்மான் வீட்டில் படைப்பு வந்தது. முன்னோருக்குச் சேலை வேட்டி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், என் கைப்பையிலோ அந்தப் பிஸ்கட் டின். யாராவது வயதானவர்களிடம் காட்டிக் கேட்கலாம் என்று கொண்டுபோயிருந்தேன். அந்தச் சேலை வரிசையைப் பார்த்ததும் டின்னை வெளியே எடுக்கக் கூச்சமாகிவிட்டது. சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம்தான் காட்டினேன். எழுபதை நெருங்குகிறவர். அவருடைய தாயார் ஆயா வீட்டில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சதுரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன ஆச்சி, இப்புடி வெட்டிப்புட்டீகளே" என்றார். அப்புறம் நான் கொண்டுபோயிருந்த பழைய போர்வையின் கந்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு முடிச்சைத் தடவி, "இது எங்க ஆத்தா கை" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அறுபது வருடமாக "ஆயா தைத்த போர்வை" என்று சொல்லி வந்திருக்கிறோம். எந்தச் சேலை மேலே, எது உள்ளே என்று அடுக்கியது ஆயாதான், கூட உட்கார்ந்து கொஞ்சம் தைத்ததும் உண்டு என்று அக்காவே சொன்னார். ஆனால் பெரும்பகுதித் தையல் அவர் தாயாருடையது. மத்தியானம் அடுப்படி வேலை முடிந்து வளவில் (உள்முற்றத்தில்) இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைப்பார்களாம். முடிச்சை வெளியே விடாமல் இரண்டு மடிப்புக்கு நடுவில் இழுத்து மறைப்பது அவர் தாயார் பழக்கம். அந்தப் பெயர் எங்கள் குடும்பக் கதையில் எங்குமே இல்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது பழைய கைவேலை இருந்தால், யார் செய்தது என்று அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்திலும் போய்க் கேளுங்கள். கதை திருந்துவது ஒரு பக்கம், வேலை தெரிந்தவர்கள் அங்கே இருக்கக்கூடும்.

அக்கா சொல்லிக்கொடுத்த முறையில் கத்தரிக்கு வேலையே கிடையாது. ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக மடித்தால் ஒன்பது அடி நீளம், நாலடி அகலம், இரண்டு அடுக்கு. அப்படி இரண்டு சேலை சேர்ந்தால் நாலு அடுக்கு, ஒருவர் போர்த்தத் தாராளம். திடமான சேலையைக் கீழே விரித்து, இற்றுப்போனதை நடுவில் வைத்து, பார்க்க நன்றாக இருப்பதை மேலே போட வேண்டும். ஆயாவின் கண்டாங்கி இற்றது, அது நடுவில் போயிருந்தால் முழுதாக இன்னும் ஐம்பது வருடம் இருந்திருக்கும். துணி இற்றிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு கையிலும் பிடித்துக் குறுக்கே லேசாக இழுக்க வேண்டும். காகிதம் மாதிரி சத்தம் வந்தால் நடுவுக்குத்தான் ஆகும். மடிப்பு விழுந்த கோட்டைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். கஞ்சி போட்டு மடித்து வைத்த சேலை அந்தக் கோட்டிலேயே முறியும், கஞ்சிக்குப் பூச்சியும் வரும். நீங்கள் எடுத்து வைக்கிற எந்தச் சேலையையும் கஞ்சி போக அலசிவிட்டு வையுங்கள், வருடத்துக்கு இரண்டு தடவை மடிப்பை மாற்றுங்கள்.

தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலையிலும் பித்தளைச் செம்பு வைத்து, முதலில் பெரிய பெரிய தற்காலிகக் கச்சாத் தையல். அப்புறம் ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி வர வேண்டும், கோலத்தைச் சுற்றி நடப்பது மாதிரி. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இரண்டு விரல் இடைவெளி. நூலை இழுத்துச் சுருக்கக் கூடாது, "நூலு துணி மேல படுத்திருக்கணும் ஆச்சி, உக்காரக் கூடாது" என்பார். ஊசியில் மூன்று தடவைக்கு மேல் துணியைக் கோக்கக் கூடாது என்றும் சொன்னார், அதிலேயே என் கட்டைவிரல் வலி பாதி குறைந்தது. நூல் பருத்தியாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சேலைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைப்பார்களாம். வங்காளத்துக் காந்தாத் தையலிலும் அதே வழக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற போர்வையும் இப்படி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித்தான் போகிறதாம். பாணி தேடி அமெரிக்கா வரை போய் வந்தேன், பக்கத்தில் யாரையும் கேட்கவில்லை.

அடிச்சேலைக்கு மட்டும் திடமான ஒன்று இல்லாததால் ஒரு புதுக் கண்டாங்கி வாங்கினேன். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு காரைக்குடிக் கண்டாங்கி என்று சொல்லி விற்பது கூடியிருக்கிறது, விசைத்தறித் துணியும் கலந்து வருகிறது, பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய சேலையை இரண்டு தடவை அலசிக் காயவைத்த பிறகே தைக்க எடுத்தோம். புதுப் பருத்தி சுருங்கும், பழசு சுருங்கி முடித்திருக்கும், அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவையலில் மேல்பக்கம் கொப்பளித்து நிற்கும்.

வாரம் மூன்று மத்தியானம் கோட்டையூர் பஸ் பிடித்துப் போனேன். நாற்பத்தாறு நாளில் முடிந்தது. நூலும் ஊசியும் 310 ரூபாய். அக்கா கூலி வேண்டாம் என்றுதான் சொன்னார். அப்படி விட எனக்கு மனசு வரவில்லை, ஒரு தலைமுறை ஏற்கெனவே அப்படி விட்டாயிற்று. நாள் கணக்குப் போட்டுக் கொடுத்தேன், சரியான தொகைதானா என்று இன்றுவரை எனக்கு உறுத்தல் உண்டு. முடித்த போர்வை மகள் வீட்டுக்குப் போனது. ஏசி அறையில் பேத்தி அதைத்தான் போர்த்துகிறாள், அதில் யார் துணி எது என்று அவளுக்குத் தெரியாது, லீவுக்கு வரும்போது சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டாவது போர்வை ஓடிக்கொண்டிருக்கிறது. செய்தி பரவி அண்ணமிண்டி ஒரு மூட்டைச் சேலை கொடுத்தனுப்பினார், முக்கால்வாசி நைலக்ஸ் என்கிற செயற்கை இழைச் சேலை, பக்குவமாகத் திருப்பி அனுப்பினேன். பிஸ்கட் டின்னில் இருக்கும் முப்பத்தெட்டுச் சதுரத்தையும் நடு அடுக்கில் பரப்பி மேலும் கீழும் துணி வைத்துத் தைத்துவிடலாம், யார் கண்ணுக்கும் தெரியாது என்கிறார் அக்கா. கொண்டுபோகிறேன் கொண்டுபோகிறேன் என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.